போனவர்களை முதலில் எண்ணுங்கள்: புதிய பருவகாலத்துக்கு முன் ஓர் உதைபந்தாட்ட அணியை எடைபோடும் முறை

என் அக்காவின் மகன் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை சும்மா இருந்த நாட்களில் உதைபந்தாட்டப் பைத்தியம் அவனைப் பிடித்துக்கொண்டது. ஜூலை கடைசியில், சேர்த்து வைத்திருந்த காசில் மட்டக்களப்பு நகரத்துக் கடையொன்றில் தன் அணியின் ரி-சேர்ட்டை வாங்கி, முதுகில் பிடித்த வீரரின் பெயரையும் இலக்கத்தையும் அச்சிட்டுக்கொண்டு வந்தான். பன்னிரண்டாம் நாள் அந்த வீரரை வேறொரு கழகத்துக்கு விற்றுவிட்டார்கள். "மாமா, இதை இப்போது என்ன செய்வது?" என்று கல்லடியில் என் வீட்டு வாசலில் வந்து நின்றான். அச்சிலும் ஓர் எழுத்துப் பிழை. கடைக்காரரிடம் போய்ச் சொன்னதற்கு, "போன ஆளின் பெயர்தானே தம்பி, பிழையாக இருந்தால் என்ன?" என்று கேட்டாராம்.

அன்று மாலை அவனை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு ஜூனிலிருந்து ஓகஸ்ட் வரையான மாதங்கள் பெரும் குழப்பம். ஆட்டம் எதுவும் இருக்காது. செய்தி மட்டும் மார்கழி மழைபோலக் கொட்டும். இன்னார் வருகிறார், இன்னார் போகிறார், இத்தனை மில்லியன் பவுண். இந்தச் சத்தத்துக்குள் ஓர் அணி தேறியிருக்கிறதா, தேய்ந்திருக்கிறதா என்று நாமே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஓர் அப்பியாசக் கொப்பி, பென்சில், அழிறப்பர், இரண்டு மணித்தியாலம் போதும்.

உதாரணங்களைப் பெரும்பாலும் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கிலிருந்து எடுக்கிறேன். நம் பக்கத்துப் பையன்கள் அதிகம் பேசுவது அதைத்தான், நேரமும் தோதானது. அங்கே பிற்பகல் மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு 7.30. ஒக்டோபர் கடைசியில் அவர்கள் மணிக்கூட்டைத் திருப்பி வைத்த பிறகு அது 8.30 ஆகிவிடும். இரவுச் சாப்பாட்டை எப்போது வைப்பது என்பதை வீட்டில் இப்போதே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது உட்காருவது

ஆட்டங்கள் ஓகஸ்ட் நடுப்பகுதியில் தொடங்கிவிடும். கழகங்கள் வீரர்களை வாங்கவும் விற்கவும் திறந்திருக்கும் வீரர் சந்தை மூடுவதோ பெரும்பாலும் ஓகஸ்ட் கடைசியில் அல்லது செப்டெம்பர் முதல் நாளில். அதாவது இரண்டு மூன்று ஆட்டங்கள் முடிந்த பிறகும் ஆள் போகலாம், வரலாம். கரெத் பேல் 2013இல் டொட்டன்ஹாமை விட்டு ரியல் மட்ரிட்டுக்குப் போனது செப்டெம்பர் 1ஆம் திகதிதான். ஆகவே கணக்கை இரண்டு தடவை போடுங்கள்: முதல் ஆட்டத்துக்கு முந்திய நாள் ஒன்று, சந்தை மூடிய மறுநாள் ஒன்று. ஜூலையில் தீர்ப்புச் சொல்வது கதிர் வரும் முன்னே மூட்டையை எண்ணுகிற வேலை.

வதந்தியைக் கொப்பியில் ஏற்றாதீர்கள். கழகம் தானே அறிவித்தால் மட்டும் எழுதுங்கள். 'பேச்சுவார்த்தை முற்றிவிட்டது', 'மருத்துவப் பரிசோதனைக்கு வந்து இறங்கிவிட்டார்' என்பவற்றையெல்லாம் செய்தியாகப் படித்து மகிழலாம். கொப்பிக்கு அவை வேண்டாம்.

முதல் பக்கம்: போனவர்கள்

கொப்பியைத் திறந்ததும் எல்லாருடைய கையும் வந்தவர்களின் பெயரை எழுதத்தான் போகும். மருமகனும் அதைத்தான் செய்தான். அழிக்கச் சொன்னேன். முதல் பக்கம் முழுவதும் போனவர்களுக்கு. வலையைப் பொத்த உட்காருகிறவர் முதலில் வலையை விரித்துக் கிழிசலைத்தான் தேடுவார். கையில் எவ்வளவு நூல் இருக்கிறது என்பது அதற்குப் பிறகு.

போகிறவர்களில் நான்கு வகை உண்டு. விற்கப்பட்டவர், ஒப்பந்தம் முடிந்து வெளியேறியவர், ஓய்வு பெற்றவர், இரவலாக வந்திருந்து சொந்தக் கழகத்துக்குத் திரும்பியவர். கடைசி வகையைப் புதியவர்கள் அநேகமாக மறந்துவிடுவார்கள், ஏனென்றால் அவர் போவது செய்தியாகவே வராது. 2022இல் நொட்டிங்ஹாம் ஃபொரெஸ்ட் 23 ஆண்டுகளுக்குப் பிறகு பிரீமியர் லீக்குக்குத் திரும்பி வந்தது. அந்தக் கோடையில் இருபதுக்கும் மேற்பட்டவர்களை அழைத்து வந்தார்கள். உலகமே சிரித்தது, சந்தைக்குப் போனவர் கடையையே வாங்கிக்கொண்டு வந்ததுபோல என்று நானும் சிரித்தேன். ஆனால் அணியை மேலே கொண்டுவந்தவர்களில் ஸ்பென்ஸ், கார்னர், சிங்கர்நாகல், டேவிஸ், லோ ஆகிய ஐவரும் இரவல் வீரர்கள். ஐவரும் திரும்பிப் போனார்கள். கோல்காப்பாளர் சம்பாவும் பிரான்சுக்குப் போய்விட்டார். இதை எழுதிப் பார்த்திருந்தால், அவர்கள் வாங்கியது ஆசையால் அல்ல, வீடு வெறுமையாகிவிட்டதால் என்பது தெரிந்திருக்கும். அந்தப் பருவகாலத்தை 38 புள்ளிகளுடன் 16ஆம் இடத்தில் முடித்து, கீழ்ப் பிரிவுக்கு இறங்காமல் தப்பிக்கொண்டார்கள்.

பெயர்களை எழுதிய பிறகு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவர் சென்ற பருவகாலத்தில் லீக்கில் விளையாடிய நிமிடங்களை எழுதுங்கள். இந்தக் கணக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும். ஒரு பருவகாலத்தில் 38 ஆட்டம். ஒருவர் ஒரு நிமிடமும் விடாமல் ஆடினால் 3,420 நிமிடம். பதினொரு பேருக்கும் சேர்த்து 37,620. போனவர்களுடைய நிமிடங்களைக் கூட்டி இந்த மொத்தத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் அணி ஏறக்குறைய பழைய அணியே. நான்கில் ஒரு பங்கைத் தாண்டினால் புதுக் குடித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த எல்லைகள் என் அனுபவக் கணக்கு. யாரும் கல்லில் செதுக்கி வைக்கவில்லை.

நிமிடம் எதற்கு என்று மருமகன் கேட்டான். 2023ஆம் ஆண்டின் லிவர்பூலை வைத்து விளக்கினேன். அந்தக் கோடையில் மத்தியகள வீரர்கள் ஐந்து பேர் ஒரே அடியாகப் போனார்கள்: ஹென்டர்சன், ஃபபீனியோ, மில்னர், கெய்ட்டா, ஒக்ஸ்லேட்-சேம்பர்லெயின். பெயராகப் பார்த்தால் நடுக்களமே இடிந்து விழுந்ததுபோல இருக்கும். ஆனால் கெய்ட்டாவும் சேம்பர்லெயினும் காயத்தால் பெரும்பாலும் வெளியேதான் இருந்தார்கள். மில்னருக்கு வயது 37. அதிகமும் இடையில் இறங்குகிறவர். உண்மையான ஓட்டை ஹென்டர்சனும் ஃபபீனியோவும் விட்டுச் சென்றது. அவர்களும்கூட முந்திய பருவகாலத்தில் கால் ஓய்ந்து தெரிந்தார்கள். அணி ஐந்தாம் இடத்துக்கு இறங்கியதில் அதற்குப் பங்கு உண்டு. ஐந்து பேர் போன இடத்துக்கு மக் அலிஸ்டர், சோபொஸ்லாய், எண்டோ, கிராவன்பெர்க் என்று நால்வர் வந்தார்கள். 67 புள்ளிகள் 82 ஆகின.

இதை நான் எந்த நிபுணரிடமும் படித்துக் கற்றதில்லை. பல வருடங்களுக்கு முன் எங்கள் ஊர்க் கழகத்துக்குச் செயலாளராக இருந்தேன். சித்திரைப் புத்தாண்டுச் சுற்றுப்போட்டிக்குப் பத்து நாள் இருக்கும்போது எங்கள் இடது பின்கள வீரருக்குக் கட்டார் விசா வந்துவிட்டது. மெலிந்த ஆள், ஒரு கோலும் அடித்ததில்லை, பரிசளிப்பு விழாக்களில் அவர் பெயரைக் கூப்பிட்டதாகவும் நினைவில்லை. போய்வா என்று அனுப்பிவிட்டு, கழகக் கூட்டத்தில் ஒருமனதாகத் தீர்மானித்து, பக்கத்து ஊர்களிலிருந்து முன்கள வீரர்கள் மூவரை அழைத்து வந்தோம். மூவரும் கெட்டிக்காரர்கள். இடது பின்களத்தில் அவர்களில் ஒருவரையே நிறுத்தினோம். அவர் வலது காலால் ஆடுபவர். பந்து வந்ததும் ஒவ்வொரு முறையும் வலது காலுக்கு மாற்ற உள்ளே திரும்புவார். அந்த அரை நொடிக்குள் காத்தான்குடிப் பக்கமிருந்து வந்த அணியின் சின்னப் பையன் ஒருவன் பந்தைத் தட்டிக்கொண்டு ஓடிவிடுவான். நாங்கள் மூன்று கோல் போட்டோம், ஐந்து வாங்கினோம். ஐந்தில் நான்கு அந்த மூலையால் வந்தவை. ஆட்டம் முடிந்து வெளியே வரும்போது சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: "தம்பி, வீட்டுக் கதவைக் கழற்றிக் கொடுத்துவிட்டு மூன்று யன்னல் வாங்கியிருக்கிறீர்கள்."

அதே செப்டெம்பரில் டொட்டன்ஹாமைப் பார்த்தபோது அந்தப் பெரியவர்தான் நினைவுக்கு வந்தார் என்று எழுத ஆசைதான். ஆனால் இரண்டுக்கும் இடையில் சில வருடங்கள் இருந்தன. பேலை விற்ற காசையும் நம்பி 2013 கோடையில் ஏழு பேரை வாங்கினார்கள். பவுலினியோ, சொல்டாடோ, ஷட்லி, கபூ, கிரிகேஷ், லமேலா, எரிக்சன். பேல் முந்திய பருவகாலத்தில் லீக்கில் தனியாளாக 21 கோல் அடித்தவர். ஸ்பெயினில் 24 கோல் அடித்துவிட்டு வந்த சொல்டாடோ இங்கே லீக்கில் அடித்தது 6. டிசம்பரில் சொந்த மைதானத்தில் லிவர்பூலிடம் 0–5 என்று தோற்ற மறுநாள் பயிற்றுநர் வில்லாஸ்-போவாஸ் போய்விட்டார். எழுவரில் எரிக்சன் மட்டும் பிற்பாடு அணியின் உயிராக மாறினார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். தனியொருவர் விட்டுப்போன ஓட்டையை ஏழாகப் பங்கிட்டு அடைக்க முடியாது என்பதல்ல விடயம். ஏழு பேரும் ஒரே மாதத்தில் ஒருவரையொருவர் அறிந்துகொள்ள வேண்டியிருந்தது, அதுதான் சிக்கல்.

இரண்டாம் பக்கம்: களத்தை வரையுங்கள்

பக்கம் முழுவதும் ஒரு நீள்சதுரம். பயிற்றுநர் வழக்கமாக ஆடவைக்கும் ஒழுங்கில் பதினொரு வட்டங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குள்ளும் இரண்டு பெயர்: முதலாள், அவருக்குக் காய்ச்சல் வந்தால் நிற்கிறவர். ஒரு பெயரை ஓர் இடத்தில் மட்டும் எழுத வேண்டும். மருமகன் ஒரே ஆளை மூன்று வட்டங்களில் எழுதிவிட்டு 'எல்லா இடமும் நிரம்பிவிட்டது மாமா' என்றான். பந்து ஒன்று, ஆளும் ஒன்று.

இரண்டாவது பெயர் கிடைக்காத வட்டத்தைச் சுற்றி ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். டிசம்பரில் மூன்று நாளுக்கு ஓர் ஆட்டம் வரும்போது அணி உடைவது அந்த வட்டத்தில்தான்.

கோல்காப்பாளர் இடத்தில் இரண்டாம் பெயரைப் பலரும் கவனிப்பதேயில்லை. 2019 ஓகஸ்டில் லிவர்பூலின் மாற்றுக் கோல்காப்பாளர் மின்யொலே பெல்ஜியத்துக்குப் போனார். கழகம் எதுவும் இல்லாமல் இருந்த அட்ரியானை அவசரமாக எடுத்தார்கள். சில நாட்களில் முதல் லீக் ஆட்டம். பாதி ஆட்டம்கூட முடியவில்லை, அலிசன் கெண்டைக்கால் காயத்துடன் வெளியேறினார். அட்ரியான் இறங்கினார். அடுத்த வாரமே இஸ்தான்புல்லில் செல்சிக்கு எதிரான சுப்பர் கிண்ணத்தில் கடைசிப் பெனால்டியைக் காலால் தடுத்துக் கிண்ணத்தை வாங்கிக்கொடுத்தார். அந்தக் கோடையில் 'லிவர்பூல் யாரையும் வாங்கவில்லை' என்று புலம்பியவர்களின் பட்டியலில் அவர் பெயர் இருந்திருக்காது. அந்த அணிதான் 99 புள்ளிகளுடன் லீக்கை வென்றது. ஓட்டை இல்லாத வலைக்கு நூல் வேண்டியதில்லை.

இன்னொன்று, ஆட்களை எண்ணும்போது விதியையும் பாருங்கள். பிரீமியர் லீக் கழகமொன்று பதியக்கூடிய மூத்த வீரர்கள் 25 பேர். அவர்களில் 17 பேருக்கு மேல் 'உள்ளே வளர்ந்தவர்' அல்லாதவராக இருக்க முடியாது. உள்ளே வளர்ந்தவர் என்றால் இங்கிலாந்துக்காரர் என்று பொருள் இல்லை. 21 வயதுக்குமுன் மூன்று வருடம் இங்கிலாந்து அல்லது வேல்ஸ் கழகமொன்றில் பதிவாகியிருந்தால் போதும், எந்த நாட்டவரானாலும் சரி. 21 வயதுக்கு உட்பட்டோரைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நல்ல ஆளொருவரைத் திடீரென்று மலிவாக விற்றால், காரணம் பெரும்பாலும் இந்தக் கணக்குக்குள் இருக்கும்.

வயது

பெயர்களின் பக்கத்தில் வயதையும் எழுதுங்கள். இருபத்து நான்கிலிருந்து இருபத்தொன்பது வரை பெரும்பாலான வீரர்களுக்கு நல்ல காலம். பின்கள மத்தியில் நிற்பவர்களும் கோல்காப்பாளர்களும் இன்னும் சில வருடம் தாங்குவார்கள். ஓரத்தால் ஓடுகிறவர்களுக்குக் கால் முதலில் போகும். ஒரே வரிசையில் மூன்று பேர் முப்பதைத் தாண்டியிருந்தால் அடுத்த கோடையில் அந்த வரிசையே மாறப்போகிறது என்று இப்போதே எழுதிவைக்கலாம்.

2021இல் ஆர்சனல் செய்தது இதற்கு நல்ல பாடம். வில்லியன், டேவிட் லூயிஸ் போன்ற முப்பது கடந்தவர்களை அனுப்பிவிட்டு ஆறு பேரை எடுத்தார்கள்: வைட், ஒடெகார்ட், ராம்ஸ்டேல், டொமியாசு, லொகொங்கா, டவாரெஸ். ஆறு பேரும் 23 வயதும் அதற்குக் கீழும். முதல் மூன்று ஆட்டத்திலும் ஒரு கோல்கூட அடிக்காமல் தோற்றார்கள். மூன்றாவது ஆட்டத்தில் மன்செஸ்டர் சிட்டியிடம் 0–5. பயிற்றுநர் ஆர்ட்டெட்டாவை அனுப்பச் சொல்லாதவர் இல்லை. அந்தப் பருவகாலம் ஐந்தாம் இடம், அடுத்தது இரண்டாம் இடம். வயதைக் கொப்பியில் எழுதியிருந்தவருக்கு அந்த மூன்று வாரங்களில் நித்திரை கெட்டிருக்காது.

வந்தவர்கள்

இப்போதுதான் வந்தவர்கள். ஒவ்வொரு பெயருக்கும் மூன்று கேள்வி போதும். எந்த வட்டத்துக்கு வந்திருக்கிறார்? முன்பு அதே வேலையைத்தான் செய்தாரா? கடந்த இரண்டு பருவகாலத்தில் எத்தனை ஆட்டம் காயத்தால் தவறவிட்டார்? முதல் கேள்விக்கே பதில் இல்லையென்றால் மற்ற இரண்டும் தேவையில்லை.

இரண்டாவது கேள்வியில்தான் புதியவர்கள் ஏமாறுவார்கள். எதிரணி முழுவதும் பின்வாங்கி நிற்கும்போது குறுகிய இடத்தில் பந்தை வைத்து ஆடுகிற ஒருவரை, எப்போதும் நீளப் பந்து அடித்து ஓடுகிற அணிக்கு வாங்கினால் அவர் மீனை மரத்தில் ஏற்றியதுபோலத் தவிப்பார். அவருடைய பழைய அணியின் ஓர் ஆட்டத்தை முழுதாகப் பாருங்கள். கோல்களை மட்டும் வெட்டி ஒட்டிய காணொளி வேண்டாம். அதில் எல்லாருமே மரடோனா.

விலையைப் பற்றி இரண்டு வார்த்தை. விலை, கழகத்தின் அவசரத்தையும் விற்கிறவரின் சாமர்த்தியத்தையும் காட்டும். ஆட்டத்தை அவ்வளவாகக் காட்டாது. செல்சி 2022 கோடையிலும் 2023 ஜனவரியிலுமாக 500 மில்லியன் பவுணுக்கு மேல் செலவழித்தது. பருவகாலத்தை 44 புள்ளிகளுடன் 12ஆம் இடத்தில் முடித்தது. 38 ஆட்டத்தில் 38 கோல். அதற்கிடையில் டுக்கெல், பொட்டர், லம்பார்ட் என்று பயிற்றுநர்களும் மாறிக்கொண்டேயிருந்தார்கள். ஒரே ஜனவரியில் இவ்வளவு பேர் வந்ததில், ஐரோப்பியக் கழகங்கள் மோதும் சம்பியன்ஸ் லீக்கில் புதிதாக மூன்று பேரைத்தான் பதியலாம் என்ற விதி குறுக்கே நின்று, வாங்கிய சிலரை வெளியே உட்காரவைக்க வேண்டியும் வந்தது.

அவ்வளவு காசை எப்படிக் கணக்குக் காட்டினார்கள் என்று மருமகன் கேட்டான். நியாயமான கேள்வி. கொடுத்த விலையைக் கணக்குப் புத்தகத்தில் ஒப்பந்தக் காலத்துக்குப் பங்கிட்டு எழுதுவார்கள். என்ஸோ ஃபெர்னாண்டஸின் விலை 106.8 மில்லியன் பவுண், ஒப்பந்தம் எட்டரை வருடம். வருடத்துக்கு ஏறக்குறைய பன்னிரண்டரை மில்லியன்தான் செலவாகத் தெரியும். தவணைக்கு முச்சக்கரவண்டி எடுத்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிறகு ஐரோப்பிய உதைபந்தாட்டச் சம்மேளனமும் பிரீமியர் லீக்கும் விழித்துக்கொண்டு, எத்தனை வருட ஒப்பந்தமானாலும் ஐந்து வருடத்துக்கு மேல் பங்கிட முடியாது என்று விதி போட்டன.

வாங்காமலே வருகிறவர்களையும் தேடுங்கள். காயம் ஆறித் திரும்புகிறவர், இரவலுக்குப் போய்த் தேறி வந்தவர், இளையோர் அணியிலிருந்து ஏறியவர், இடம் மாறி ஆடப்போகிறவர். லிவர்பூலுக்கு ஃபபீனியோவின் இடம் 2023இல் முழுதாக நிரம்பவில்லை. அதற்காக அவர்கள் 110 மில்லியன் பவுண் அளவில் கேட்டுப் பார்த்த கைசெடோ, செல்சிக்குப் போய்விட்டார். 30 வயது எண்டோவைக் கொண்டு சமாளித்தார்கள். அடுத்த கோடையில் வந்த புதிய பயிற்றுநர் ஆர்னே ஸ்லொட், வீட்டுக்குள்ளேயே இருந்த கிராவன்பெர்க்கைப் பின்னால் இறக்கி அந்த இடத்தில் நிறுத்தினார். அந்தப் பருவகாலம் லீக்கையே வென்றார்கள். சந்தையில் தேடிய பொருள் வீட்டு அடுக்களைக்குள் இருந்தது.

பயிற்றுநர்

நம் பக்கத்து வயலில் நிலச் சொந்தக்காரரான போடியார் காசு போடுவார். எந்த வரம்பால் தண்ணீர் போகும், எந்த மூலையில் பன்றி இறங்கும் என்பது வயலை நின்று பார்த்துக்கொள்ளும் முல்லைக்காரருக்குத்தான் தெரியும். கழகத்தில் உரிமையாளரும் விளையாட்டுப் பணிப்பாளரும் போடியார், பயிற்றுநர் முல்லைக்காரர். இருவரும் ஒரே விதைநெல்லைப் பற்றிப் பேசுகிறார்களா என்று பாருங்கள். வாங்கிய வீரர்கள் பயிற்றுநரின் ஆட்ட முறைக்குப் பொருந்தாவிட்டால், கிறிஸ்மஸுக்குள் இருவரில் ஒருவர் போவார். பெரும்பாலும் முல்லைக்காரர்தான்.

முதல் பதினொருவரில் எத்தனை புதுமுகம் என்று எண்ணிப் பாருங்கள். மூன்று வரை பயமில்லை. ஐந்தைத் தாண்டினால், பயிற்றுநர் எவ்வளவு காலமாக அங்கே இருக்கிறார், வந்தவர்கள் எப்போது வந்தார்கள் என்ற இரண்டையும் எழுதுங்கள். ஃபுல்ஹாம் 2018இல் தரமுயர்ந்து வந்த கையோடு 100 மில்லியன் பவுணுக்கு மேல் செலவழித்தது. பலரைச் சந்தை மூடும் நாளில்தான் பிடித்தார்கள். 81 கோல் வாங்கி, 26 புள்ளிகளுடன் 19ஆம் இடத்தில் இறங்கிப் போனார்கள். ஜேர்மனியில் பயர் லெவர்குசன் 2023 கோடையில் ஷாக்கா, கிரிமால்டோ, ஹொஃப்மன், பொனிஃபேஸ் என்று முதுகெலும்பையே மாற்றியது. ஆனால் பயிற்றுநர் ஷாபி அலொன்சோ அதற்கு முந்திய ஒக்டோபரிலிருந்தே அங்கே இருந்தவர். அந்த நால்வரும் ஜூலை முடியுமுன் வந்து சேர்ந்தவர்கள். 34 லீக் ஆட்டத்தில் 28 வெற்றி, 6 சமநிலை, தோல்வியே இல்லை.

பருவகாலத்துக்கு முந்திய சிநேகபூர்வ ஆட்டங்களின் முடிவைக் கொப்பியில் ஏற்ற வேண்டாம். மேலே சொன்ன 99 புள்ளி லிவர்பூல், அந்த ஜூலையில் நாப்போலியிடம் 0–3 என்று தோற்றது. யார் எந்த இடத்தில் நின்றார், யாரை அறுபது நிமிடம் வைத்திருந்தார்கள் என்று மட்டும் பாருங்கள்.

இவையெல்லாம் கண்ணுக்குப் பழக வேண்டுமானால் ஒரு பின்னேரம் வெபர் மைதானத்துக்கோ, கல்முனைப் பக்கம் இருப்பவர்கள் சந்தாங்கேணி மைதானத்துக்கோ போய், பந்தைப் பார்க்காமல் ஒரு பின்கள வீரரை மட்டும் இருபது நிமிடம் பாருங்கள். தொலைக்காட்சி பந்தின் பின்னால்தான் ஓடும். அவர் எங்கே நிற்கிறார் என்பதைக் காட்டாது.

தீர்ப்பை எழுதிவைப்பது

கடைசிப் பக்கத்தில் மூன்று வரி. எந்த ஓட்டை அடைபட்டது, எந்த ஓட்டை இன்னும் திறந்திருக்கிறது, அணி எந்த இடத்தில் முடியும். இடத்தை ஒற்றை எண்ணாக எழுதாதீர்கள். 'ஆறிலிருந்து ஒன்பதுக்குள்' என்று எழுதுங்கள். கீழே திகதி போட்டு மூடிவையுங்கள். பத்தாவது ஆட்டம் முடியும்வரை திறக்கக் கூடாது. நாலாவது ஆட்டத்தில் தோற்றதும் திறந்து திருத்துகிறவர்களை நான் அறிவேன். அழிறப்பர் அதற்காகத் தரப்படவில்லை.

மருமகன் தன் கொப்பியை எழுதி முடித்ததும் என் பழைய கொப்பிகளைக் கேட்டான். அலுமாரிக்கு மேலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து பெரிய சிரிப்பு. 2015 ஓகஸ்ட் பக்கத்தைத் திறந்திருந்தான். லெஸ்டர் சிட்டி என்ற தலைப்பின் கீழ் என் கையெழுத்தில்: '18 அல்லது 19. நிச்சயம் இறங்கும்.' காரணம் என்று எழுதியிருந்தது புதிய பயிற்றுநர் ரனியேரியை. முந்திய நவம்பரில்தான் கிரேக்க அணி சொந்த மண்ணில் ஃபரோ தீவுகளிடம் தோற்று, அவரை அனுப்பியிருந்தது. அது என் கண்ணை மறைத்துவிட்டது. பிரான்சிலிருந்து வந்த கன்டே என்ற பெயருக்குப் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும். முந்திய பருவகாலத்தின் கடைசி ஒன்பது ஆட்டத்தில் ஏழை அவர்கள் வென்றிருந்ததை எங்கேயும் எழுதியிருக்கவில்லை. அந்த அணிதான் 81 புள்ளிகளுடன் கிண்ணத்தைத் தூக்கியது.

"மாமா, போனவர்கள் பக்கம் எங்கே?" என்று கேட்டான் மருமகன். புரட்டிக் காட்டினேன். கம்பியாசோ என்று ஒரே ஒரு பெயர் எழுதியிருந்தது. மீதிப் பக்கத்தில் அந்த மாதத்துப் பால்மாக் கணக்கு.